மின்சார காருக்குப் புது வீல், புது டயர்: அழகு பார்க்கும் முன் போட வேண்டிய கணக்குகள்

புது கார் வீட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆனதும் பல வீடுகளில் இந்தப் பேச்சு தொடங்கிவிடுகிறது. ‘‘எதிர் வீட்டு காரைப் பாருங்கப்பா, 18 இன்ச் அலாய் போட்டிருக்காங்க. நம்ம காருக்கும் போட்டா சூப்பரா இருக்கும்’’ என்பான் பையன். ‘‘நல்லா ஓடுற காருக்கு எதுக்குடா புது சக்கரம்?’’ என்பார் அப்பா.

பெட்ரோல் கார் என்றால் இந்த விவாதம் பணத்தோடும் ரசனையோடும் முடிந்துவிடும். மின்சார காரில் அப்படி முடிவதில்லை. ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் போகலாம், மழையில் பிரேக் அடித்தால் கார் எங்கே நிற்கும், தரைக்கு அடியில் இருக்கும் பேட்டரிக்கு அடி படுமா, விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கைகொடுக்குமா... இத்தனை கேள்விகளும் அந்த நான்கு சக்கரங்களைச் சுற்றியே இருக்கின்றன. அதற்காக மாற்றவே கூடாது என்று அர்த்தமில்லை. எதை, எவ்வளவு, எப்படி மாற்றலாம் என்பதற்குத் தெளிவான கணக்கு இருக்கிறது.

மின்சார காரின் டயருக்கு என்ன தனிச் சிறப்பு?

முதல் விஷயம், எடை. ஒரே மாடலில் பெட்ரோல் காரையும் மின்சார காரையும் பக்கத்தில் நிறுத்தினால், பேட்டரியின் காரணமாக மின்சார கார் 150 முதல் 300 கிலோ வரை கூடுதலாக இருக்கும். அதாவது, காரில் யாருமே ஏறாதபோதுகூட, இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் பாரத்தை டயர்கள் தாங்கிக்கொண்டிருக்கின்றன.

இரண்டாவது, இழுவிசை. பெட்ரோல் இன்ஜின் வேகம் பிடித்த பிறகுதான் முழு இழுவிசையைத் தரும். மின் மோட்டார், கால் வைத்த கணமே முழு விசையையும் சக்கரத்தில் இறக்கிவிடும். போதாததற்கு, காலை எடுத்தால் ‘ரீஜென்’ பிரேக்கிங் அதே சக்கரங்களைப் பின்னுக்கு இழுத்து மின்சாரம் எடுக்கிறது. மோட்டார் முன்பக்கம் இருக்கும் கார்களில் முன் டயர்கள் வேகமாகத் தேய்வது இதனால்தான்.

மூன்றாவது, சத்தம். இன்ஜின் உறுமல் இல்லாத காரில், இதுவரை அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த டயர் சத்தம் வெளியே வந்துவிடும். தார்ச் சாலையில் அமைதியாக இருக்கும் டயர், கான்கிரீட் சாலையில் ‘ஹோ’ என்று இரையும். டயரை மாற்றிய மறுநாளே ‘கார் சத்தம் போடுது’ என்று சர்வீஸ் சென்டருக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

பெரிய வீல் எவ்வளவு ரேஞ்சைத் தின்னும்?

இதற்கு ஓர் அதிகாரபூர்வ உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இ.பி.ஏ., பல கார்களின் ரேஞ்சை வீல் அளவுக்கு ஏற்பத் தனித்தனியாகப் பட்டியலிடுகிறது. 2022-ம் ஆண்டின் டெஸ்லா மாடல் எஸ் பிளெய்டு கார், 19 இன்ச் வீல்களில் 396 மைல் (637 கி.மீ.) போகும். அதே காரில் 21 இன்ச் வீல்கள் போட்டால் 348 மைல் (560 கி.மீ.). பேட்டரி அதே, மோட்டார் அதே. வீலும் அதற்கேற்ற டயரும் மாறியதில் 12 சதவிகித ரேஞ்ச் போய்விட்டது.

ஏன் இப்படி? டயர் உருளும்போது, தரையைத் தொடும் பகுதி ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. அதில் ரப்பர் சூடாகிறது. அந்தச் சூடு, பேட்டரியிலிருந்து போன மின்சாரம். இதைத்தான் ‘ரோலிங் ரெசிஸ்டன்ஸ்’ என்கிறார்கள். அகலமான, பிடிமானம் மிகுந்த ஸ்போர்ட்ஸ் டயர்களில் இந்த இழப்பு அதிகம். பெட்ரோல் காரில் எரிபொருளின் பெரும்பகுதி இன்ஜின் சூட்டிலேயே வீணாகிவிடுவதால், டயரின் பங்கு பெரிதாகக் கண்ணில் படாது. மின் மோட்டார் வீணடிப்பது மிகக் குறைவு. அதனால் டயர் திருடுவது உடனே மீட்டரில் தெரிகிறது.

அடுத்தது காற்று. மின்சார கார்களின் வீல்கள் பல, மூடிய தட்டுபோல இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதைப் பார்த்து ‘டிசைன் நல்லாயில்லை’ என்று கழற்றிப் போடுகிறவர்கள் உண்டு. ரீஜென் இருப்பதால் மின்சார காரில் பிரேக் டிஸ்க் அதிகம் சூடாவதில்லை. அதைக் குளிர்விக்கப் பெரிய திறப்புகள் தேவையில்லை. எனவே வீலை மூடி, காற்று சுழன்று இழுப்பதைக் குறைக்கிறார்கள். அகலமான இடைவெளி உள்ள ஐந்து கம்பி அலாய் போட்டால், நெடுஞ்சாலை வேகத்தில் அந்தச் சேமிப்பு போய்விடும்.

பணமா, தூரமா?

இங்கே ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு 15,000 கி.மீ. ஓடும் கார், ஒரு யூனிட்டுக்கு 7 கி.மீ. தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்குச் சுமார் 2,140 யூனிட். புது வீல், டயரால் 10 சதவிகிதம் கூடுதலாகச் செலவானால் 214 யூனிட். வீட்டில் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்றால், ஆண்டுக்கு சுமார் 1,700 ரூபாய். அலாய் வீலுக்கே பல பத்தாயிரங்கள் செலவு செய்கிறவருக்கு இது பெரிய தொகையல்ல.

ஆனால், தூரத்தின் கணக்கு வேறு. நிஜத்தில் 280 கி.மீ. போகும் காரில், அவசரத்துக்கு 15 சதவிகிதம் கையிருப்பு வைத்தால் 238 கி.மீ. நிம்மதியாக ஓட்டலாம். ரேஞ்ச் 10 சதவிகிதம் குறைந்தால், அந்த நிம்மதி தூரம் 214 கி.மீ. ஆகிவிடும். சென்னையிலிருந்து திருச்சி சுமார் 330 கி.மீ. நடுவில் ஒரு சார்ஜிங் எப்படியும் தேவை. பொங்கலுக்கு முதல் நாள், நினைத்து வந்த சார்ஜரில் நான்கு கார்கள் வரிசையில் நிற்கின்றன. பின் சீட்டில் பாட்டியும் குழந்தைகளும் இருக்கிறார்கள். அடுத்த சார்ஜருக்குப் போகலாமா, இங்கேயே காத்திருக்க வேண்டுமா என்பதை அந்த 24 கி.மீ. தீர்மானித்துவிடும்.

எனவே, முதல் கேள்வி ‘எத்தனை இன்ச்?’ அல்ல. ‘இந்த கார் அதிகமாக ஓடுவது ஊருக்குள்ளா, ஹைவேயிலா?’ என்பதுதான்.

டயரின் பக்கச்சுவரைப் படியுங்கள்

டாடா நெக்ஸான் இ.வி.யின் டயர் அளவு 215/60 ஆர்16. இதை வைத்தே எல்லாவற்றையும் புரிந்துகொள்ளலாம். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது, அந்த அகலத்தில் 60 சதவிகிதம் பக்கச்சுவரின் உயரம் என்பதைச் சொல்கிறது; அதாவது 129 மி.மீ. 16 என்பது வீலின் விட்டம், இன்ச்சில். மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர், நடுவில் வீல் என்று கூட்டினால் மொத்த விட்டம் 664 மி.மீ.

வீலைப் பெரிதாக்கும்போது பக்கச்சுவரைக் குறைத்து, மொத்த விட்டத்தை முடிந்தவரை அப்படியே வைக்க வேண்டும். அதற்கு மூன்று உதாரணங்கள்:

* 215/55 ஆர்17 போட்டால் மொத்த விட்டம் 668 மி.மீ. வித்தியாசம் ஒரு சதவிகிதத்துக்கும் குறைவு. 

* 225/55 ஆர்17 போட்டால் 679 மி.மீ. இரண்டு சதவிகிதத்துக்கு மேல் கூடிவிடும்.

* 225/45 ஆர்18 போட்டால் 660 மி.மீ. விட்டம் கிட்டத்தட்ட சரி. ஆனால் பக்கச்சுவர் 129 மி.மீட்டரிலிருந்து 101 மி.மீட்டராகச் சுருங்கிவிடும்.

விட்டம் கூடினால் என்ன? ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும். ஓடோமீட்டரும் குறைவாக எண்ணும். இரண்டு சதவிகிதம் பெரிய டயர் போட்ட கார், நிஜத்தில் 250 கி.மீ. ஓடியிருந்தால் திரையில் 245 என்றுதான் காட்டும். ‘டயர் மாத்தினதும் ரேஞ்ச் குறைஞ்சிடுச்சு’ என்ற புலம்பலில் ஒரு பங்கு, இப்படி எண்ணாமல் விட்ட கிலோமீட்டர்தான். வளைவில் திருப்பும்போது டயர் உட்புற மட்கார்டில் உரசும் சிக்கலும் இதில் உண்டு.

விட்டம் குறைந்தால் பிரச்னை கீழே. மொத்த விட்டத்தில் 10 மி.மீ. குறைந்தால், கார் தரையிலிருந்து 5 மி.மீ. தாழும். நம் ஊர் வேகத்தடைகளின் மேல் பேட்டரியைச் சுமந்து செல்லும் காருக்கு ஒவ்வொரு மில்லிமீட்டரும் முக்கியம்.

பக்கச்சுவர் சுருங்கினால் அடி நேரடியாக வீலுக்குப் போகும். மழைநீர் தேங்கிய சாலையில் குழி தெரியாமல் இறங்கும் கனமான காரில், ஒல்லியான பக்கச்சுவர் கொண்ட டயர் வீங்கிப் புடைப்பதும், அலாய் விளிம்பு வளைவதும் வாடிக்கை. வீங்கிய டயரைப் பஞ்சர் ஒட்டிச் சரிசெய்ய முடியாது. மாற்றியே ஆக வேண்டும்.

உயிர் காக்கும் இரண்டு இலக்கம்

அளவுக்குப் பக்கத்தில் 95 எச் என்பதுபோல் ஒரு குறியீடு இருக்கும். கடைகளில் அதிகம் பேசப்படாத, ஆனால் மிக முக்கியமான எண் இது. 95 என்றால், அந்த ஒரு டயர் 690 கிலோ வரை தாங்கும். 91 என்றால் 615 கிலோ. 99 என்றால் 775 கிலோ. பக்கத்தில் உள்ள எழுத்து அதிகபட்ச வேகம்: டி என்றால் மணிக்கு 190 கி.மீ., எச் என்றால் 210, வி என்றால் 240.

‘அளவு ஒண்ணுதான் சார், இது கொஞ்சம் விலை கம்மி’ என்று கடைக்காரர் காட்டும் டயரில் இந்த எண் குறைவாக இருக்கலாம். நின்றுகொண்டிருக்கும் காரில் எந்த வித்தியாசமும் தெரியாது. ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், மே மாத வெயில், நான்கு மணி நேர ஹைவே ஓட்டம் என்று சேரும்போதுதான் டயர் உள்ளுக்குள் சூடேறும். கம்பெனி கொடுத்த டயரில் என்ன எண்ணோ, அதற்குச் சமமாக அல்லது அதிகமாக இருக்க வேண்டும். குறையவே கூடாது. கனமான கார்களுக்கு ‘எக்ஸ்.எல்.’ என்று குறித்த கூடுதல் பாரம் தாங்கும் டயர்கள் வருகின்றன. கம்பெனி அதைக் கொடுத்திருந்தால் அதையே வாங்க வேண்டும்.

‘இ.வி. டயர்’ கேட்டு வாங்க வேண்டுமா?

அப்போலோ நிறுவனம் 2022-ல் மின்சார கார்களுக்கென்றே ‘ஆம்பீரியன்’ டயரைக் கொண்டுவந்தது. மற்ற நிறுவனங்களும் இ.வி. டயர்களை விற்கின்றன. குறைந்த ரோலிங் ரெசிஸ்டன்ஸ், கூடுதல் பாரம், குறைந்த சத்தம் ஆகிய மூன்றையும் சேர்த்துத் தருவதே இவற்றின் நோக்கம். இந்த மூன்றும் சரியாக இருந்தால், ‘இ.வி.’ என்று எழுதாத டயரும் மின்சார காருக்குப் பொருந்தும்.

எழுத்தைவிட எண்களைக் கேளுங்கள். ரோலிங் ரெசிஸ்டன்ஸ், ஈரச் சாலைப் பிடிமானம், சத்தம் ஆகிய மூன்றுக்கும் எல்லை வகுக்கும் ஏ.ஐ.எஸ். 142 தரநிலையை மத்திய அரசு 2022-ல் கட்டாயமாக்கியது. புதிய டயர் டிசைன்களுக்கு 2022 அக்டோபர் 1 முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2023 ஏப்ரல் 1 முதலும் என்று காலக்கெடு வைக்கப்பட்டது. எரிசக்தி சிக்கன அமைப்பான பி.இ.இ., ஃப்ரிட்ஜுக்கும் ஏ.சி-க்கும் தருவதைப்போல டயருக்கும் நட்சத்திரக் குறியீடு தருகிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் இருக்க வேண்டும்.

ரேஞ்சும் ஈரப் பிடிமானமும் மோதினால், குடும்ப காருக்குப் பிடிமானமே முதலில். ஒரு சார்ஜில் மிச்சமாகும் பத்து கிலோமீட்டரைவிட, மழையில் முன்னால் போகும் பைக்குக்கு இரண்டடி தள்ளி நிற்பது பெரிது.

இன்னொரு செய்தி: அதே பிராண்டு, அதே அளவில் புது டயர் போட்டாலும் ரேஞ்ச் கொஞ்சம் குறையும். தேய்ந்த டயரைவிட, புதிய டயரில் ரப்பர் தடிமன் அதிகம். நசுங்கி நிமிரும் இழப்பும் அதிகம். ஏமாந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அதேபோல, ரேஞ்சுக்கு ஆசைப்பட்டுத் தேய்ந்த டயரில் ஓட்டவும் வேண்டாம். டயர் பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றியாக வேண்டும். பள்ளங்களுக்கு நடுவே இருக்கும் சிறு மேடுகள் டயரின் மேற்பரப்போடு சமமாகிவிட்டால் அந்த நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

வீல் கடையில் கேட்க வேண்டியவை

1. போல்ட் துளைகளின் அமைப்பு: ‘பி.சி.டி.’ என்பார்கள். 4 துளை, 100 மி.மீ. என்றால் 4x100. துளையைச் சற்றே இழுத்துப் பொருத்தும் வேலைக்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

2. ஆஃப்செட்: வீல் எவ்வளவு உள்ளே, வெளியே நிற்கும் என்பதைச் சொல்லும் எண். இது மாறினால் டயர் வெளியே துருத்தும், பேரிங் சீக்கிரம் தேயும், ஸ்டீயரிங் கனக்கும். ‘ஸ்பேசர்’ வைத்துச் சரிக்கட்டுவதைத் தவிர்ப்பது நல்லது.

3. நடுத்துளை: காரின் ஹப்பில் இறுக்கமாக உட்கார வேண்டும். துளை பெரிதாக இருந்தால் ஹப் ரிங் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் 80 கி.மீ. வேகத்துக்கு மேல் ஸ்டீயரிங் உதறும்.

4. எடை: பழைய வீலையும் புதிய வீலையும் தராசில் வைத்துப் பாருங்கள். அலாய் என்றாலே எடை குறைவு என்று நினைப்பது தவறு. பெரிய அலாய், சிறிய இரும்பு வீலைவிடக் கனமாக இருக்கலாம்.

5. தாங்கும் பாரமும் தரச்சான்றும்: எவ்வளவு பாரம் தாங்கும் என்பது வீலின் உட்புறத்தில் பதிந்திருக்கும். வீல் ரிம்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 16192. இது எதுவும் இல்லாத நகல் வீல்களும், உடைந்ததை வெல்டிங் செய்து பெயின்ட் அடித்த பழைய வீல்களும் மின்சார காரின் எடைக்கு ஆபத்து.

கார் தூக்கப்படும்போது அருகில் நில்லுங்கள்

மின்சார காரில் தரைத் தளத்தின் பெரும்பகுதி பேட்டரிதான். வழக்கமான பழக்கத்தில் ஜாக்கியை எங்கேயோ வைத்துத் தூக்கினால் பேட்டரி உறை நசுங்கலாம். மேனுவலில் காட்டியிருக்கும் நான்கு இடங்களில் மட்டுமே ஜாக்கி வைக்க வேண்டும். அந்தப் பக்கத்தை போனில் படமெடுத்து வைத்துக்கொண்டால், ஹைவே பஞ்சர் கடையிலும் உதவும்.

டயர் அழுத்தத்தைக் காட்டும் சென்சார் வீலின் வால்வோடு இருந்தால், பழைய வீலிலிருந்து கழற்றிப் புதியதில் மாட்டச் சொல்லுங்கள். புதிய டயரின் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள்: கடைசி நான்கு இலக்கம் 1225 என்றால், 2025-ம் ஆண்டின் 12-வது வாரம். சத்தம் குறைக்க உள்ளே ஸ்பான்ஜ் ஒட்டிய டயர் என்றால், பஞ்சர் ஒட்டுபவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நட்டுகளை ஏர் கன் வைத்து முறுக்கியதோடு விடாமல், டார்க் ரெஞ்சால் மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்க வேண்டும். புது வீல் போட்டு 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒருமுறை சோதிக்க வேண்டும். காற்றழுத்தம், டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ளபடி. வண்டி ஓடாமல் டயர் குளிர்ந்திருக்கும்போது. டயரின் மேல் எழுதியிருப்பது அதிகபட்ச அளவு, நிரப்ப வேண்டிய அளவல்ல. 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை முன் பின் டயர்களை மாற்றிப் போட்டால் தேய்மானம் சமமாகும்.

ஸ்டெப்னி விஷயத்தையும் மறந்துவிடக் கூடாது. அழுத்தம் காட்டும் வசதியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி தேவையில்லை என்று 2020-ல் விதி தளர்த்தப்பட்டது. அதனால் பல மின்சார கார்களில் ஸ்டெப்னியே கிடையாது. பக்கச்சுவர் கிழிந்தால் கிட் உதவாது. அரிதான அளவில் டயர் போட்டவர், இரவு எட்டு மணிக்குச் சின்ன ஊரில் அதைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

வாரன்ட்டி, இன்ஷூரன்ஸ், சட்டம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. உங்கள் மாடலின் உயர் வேரியன்ட்டில் கம்பெனியே 17 இன்ச் தந்திருந்தால், அந்த அளவுக்கு மாறுவது பாதுகாப்பான வழி. மட்கார்டைத் தாண்டித் துருத்தும் சக்கரம், போலீஸ் கண்ணிலும் இன்ஷூரன்ஸ் சர்வேயர் கண்ணிலும் முதலில் படும்.

பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ. வாரன்ட்டி என்பது பரவலாக இருக்கிறது. வீல் மாற்றியதால் மட்டும் அது போய்விடாது என்று கடையில் சொல்வார்கள். ஆனால், வெளியே வாங்கிய பாகத்தால் ஏற்பட்ட சேதத்தை ஏற்க மாட்டோம் என்பது வாரன்ட்டி புத்தகங்களில் வழக்கமாக இருக்கும் வரி. சஸ்பென்ஷனோ, பேட்டரி உறையோ அடிபட்டால் அந்த வரியை எடுத்துக் காட்டுவார்கள். எனவே சர்வீஸ் சென்டரில் வாய்மொழியாகக் கேட்காமல், மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்குங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, வீலின் மதிப்பை பாலிசியில் சேர்த்துவிடுங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

யாருக்கு எது?

அடிக்கடி வெளியூர் போகிறவர்கள்: கம்பெனி அளவிலேயே இருங்கள். இரும்பு வீல் பிடிக்கவில்லையென்றால், அதே அளவில் எடை குறைந்த, கூடியவரை மூடிய டிசைன் கொண்ட அலாய் போடலாம். தோற்றமும் மாறும், ரேஞ்சும் பெரிதாக இழக்காது.

ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர்கள்: ஒரு இன்ச் கூட்டலாம். அகலத்தைக் கூட்டாமல், மொத்த விட்டம் இரண்டு சதவிகிதத்துக்குள் மாறும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

குழியும் மேடுமான சாலையில் தினமும் போகிறவர்கள்: வீலைப் பெரிதாக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, அந்தப் பணத்தில் நல்ல டயர் நான்கு வாங்குங்கள். வீல் பார்க்கிறவர்களுக்கு, டயர் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு.

கடைசியாக ஒன்று. புது செட் போட்டதும் கடைக்காரர், ‘‘பழசை எடுத்துக்கிறேன் சார், விலையில கழிச்சிடறேன்’’ என்பார். கொடுத்துவிடாதீர்கள். காரை விற்கும்போதும், வாரன்ட்டி கேட்டுப் போகும்போதும், ரேஞ்ச் குறைந்து மனம் மாறும்போதும் அந்த நான்கு பழைய வீல்களுக்கு மதிப்பு உண்டு. மாடிப்படிக்குக் கீழே ஒரு ஓரமாக, கோணி போட்டு மூடி வைத்துவிடுங்கள்.

(அடுத்த வாரம்: வீட்டில் சார்ஜர் பொருத்தும் முன் எர்த்திங்கைச் சோதிப்பது எப்படி?)